இருபத்தெட்டு நிமிடத் தூரம்

மஞ்சக்குப்பம், கடலூர்.
2-2-2010, செவ்வாய்க்கிழமை.

என் மரியாதைக்குரிய ஞானசேகரன் சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் அனுப்பிரியா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் பவர் ஹவுஸின் டீசல் எஞ்சின்களும் சௌக்கியமாக இருக்கப் பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறோம். ஈமெயிலுக்கு ஊர், தேதி, சௌக்கியம் எதுவும் தேவையில்லை, நேராக விஷயத்துக்குப் போகலாம் என்று பிரௌசிங் சென்டர் சிலம்பரசன் அண்ணன் சொல்கிறார். எனக்கு அப்படி வராது. ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிற மாதிரி இருக்கிறது.

சித்தப்பா, உங்கள் கல்யாணப் பேச்சு போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ருட்டியில் முறியப் பார்த்தது. இன்னும் முழுதாக ஒட்டவும் இல்லை. அதற்குக் காரணம் நீங்களும் இல்லை, மலர்க்கொடி அக்காவும் இல்லை, அப்பாகூட இல்லை. நான்தான். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். கடைசியில் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கோபம் வந்தாலும் அதுவரை படியுங்கள்.

பொங்கல் முடிந்த மறுவாரம் சிதம்பரத்திலிருந்து தரகர் சபாபதி மாமா வந்தார். பண்ருட்டி முந்திரி வியாபாரி கொளஞ்சியப்பன் என்பவருக்கு ஒரே மகள், பெயர் மலர்க்கொடி, நர்ஸ், சவுதியில் நாலு வருடம் இருந்துவிட்டு இப்போது கனடாவில் கேப் மெரிடன் என்ற ஊரில் வேலை என்று ஜாதகத்தை எடுத்து வைத்தார். "பொண்ணும் வட கனடா, நம்ம பையனும் வட கனடா. உள்ளூர்லயே ஜோடி சேர்றது குதிரக்கொம்பா இருக்கு, அங்க போயி ஒரே ஜில்லாவுல அமைஞ்சிருக்கு தில்லைநாதா, விட்றாத" என்றார். அப்பாவுக்கு அந்த 'ஒரே ஜில்லா' மிகவும் பிடித்துவிட்டது. என் ஒன்பதாம் வகுப்பு அட்லஸை எடுத்துவரச் சொன்னார். அதில் உங்கள் ஹார்லோ பேயும் இல்லை, கேப் மெரிடனும் இல்லை. அந்தப் பக்கத்தில் வெள்ளையும் நீலமும்தான் இருந்தன. நான் இணையத்தில் பார்த்து வந்து இரண்டு புள்ளிகள் வைத்தேன். அப்பா கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்தார். நகத்துக்குள் இரண்டு ஊரும் அடங்கிவிட்டன. "இவ்ளோதானா! நம்ம கடலூரு சிதம்பரம் தூரந்தான். நடுவுல ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் மாதிரி ரெண்டு ஸ்டாப்பிங் இருக்கும்" என்றார். இருபத்தாறு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருப்பவர். ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ரூட் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஹாரனைக் கேட்டே எந்த பஸ், எத்தனை நிமிடம் தாமதம், எந்த டிரைவர் என்று சொல்கிறவரிடம், போகவே முடியாத ஊரும் உண்டு என்று எப்படிச் சொல்வது?

எதற்கும் தூரத்தைச் சரியாகப் பார்த்து வா, படித்த பெண்தானே என்று என்னை அனுப்பினார். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பெயர் வந்ததிலிருந்து எனக்கு இதுதான் வேலை. கேஸ் புக் பண்ணுவதிலிருந்து மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுவரை என்னிடம்தான் வரும். பி.எஸ்ஸி. கணிதத்தில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை என்று சொல்லக் கூச்சம். போய் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினேன். உடனே ஒரு பக்கம் வந்தது. வான்வழித் தூரம் முந்நூற்றுத் தொண்ணூற்றேழு கிலோமீட்டர், விமானத்தில் பறக்கும் நேரம் இருபத்தெட்டு நிமிடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே விமானத்தில் ஏறுகிற படம். நான் அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். நான் செய்த தவறு அதுதான் சித்தப்பா. அந்தப் பக்கம் பொய் சொல்லவில்லை. விமானம் ஒன்று போனால் இருபத்தெட்டு நிமிடம் ஆகும் என்றுதான் சொன்னது. விமானம் போகிறது என்று எங்கும் சொல்லவில்லை. கணக்கில் இதை, உண்மை என்று எடுத்துக்கொள்வதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்பார்கள். மூன்று வருடம் அதைத்தான் படித்தேன்.

அப்பா அந்தத் தாளைப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "இருவத்தெட்டு நிமிஷம்! நம்ம பாயிண்ட் டு பாயிண்டே சிதம்பரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம் எடுக்குது" என்று இரண்டு முறை சொன்னார். மறுநாளே அதை லேமினேட் செய்து, மஞ்சள் பையில் உங்கள் ஜாதகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போய்க் காட்டிவிட்டார். கொளஞ்சியப்பன் மாமாவுக்கு அதில் பெரிய நிம்மதி. ஏனென்றால் அதற்கு முன் வந்த ஒரு வரனில் பையன் அனுப்பிய போட்டோ பத்து வருடத்துக்கு முந்தியது, முடியெல்லாம் போய் நேரில் வேறு ஆளாக இருந்தானாம். அதிலிருந்து, போட்டோ, கம்ப்யூட்டரில் முகம் பார்ப்பது எதுவும் கூடாது, மாப்பிள்ளை நேரில் வந்து பெண்ணைப் பார்க்க வேண்டும், பெண்ணும் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. "இருவத்தெட்டு நிமிஷந்தானே, மாப்ள ஒரு நட போயி பாத்துட்டு வந்துடட்டும். நாம இங்க போன்ல கேட்டுக்கலாம்" என்று முடிவானது. தை வெள்ளிக்கிழமை, பூசத்துக்கு முந்தின நாள். அப்பா உங்களுக்குப் போன் செய்து சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் "சரிண்ணே" என்றீர்கள். கேட்டது அது ஒன்றுதான். அண்ணனை எதிர்த்துப் பேச உங்களுக்கு வராது என்பது தெரியும். ஆனாலும் சித்தப்பா, நீங்கள் ஒரே ஒரு "ஆனா" சேர்த்திருக்கலாம்.

நேரம் குறிக்கத்தான் பெரிய பாடு. ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்குப் போட வேண்டுமாம். ஹார்லோ பேயில் உதயம் எத்தனை மணிக்கு என்று சபாபதி மாமா என்னைக் கேட்டார். இணையத்தில் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் உதயமே இல்லை. சூரியன் வர இன்னும் எட்டு நாள் இருந்தது. பயந்துகொண்டே சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, "சூரியனே வராத ஊர்ல ராகு காலம் எங்கேருந்து வரும்? நாள் பூரா நல்ல நேரந்தான். இந்த மாதிரி ஊரு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. பெண் பார்க்க ஒற்றையாகப் போகக் கூடாது, மூன்று பேராகப் போகவே கூடாது, அதில் ஒரு சுமங்கலி இருக்க வேண்டும். அங்கே உங்களோடு வேலை செய்கிற, அந்த ஊர்ப் பழங்குடிகளான இனூயிட் மக்களில் வயதான தம்பதி இரண்டு ஜோடி பார்த்து, ஐந்து பேராகக் கிளம்பச் சொல்லி உங்களுக்கு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

முதல் பிளேன் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொல்லி அப்பா என்னை மறுபடி அனுப்பியிருந்தார். முதல் பிளேனும் இல்லை, கடைசி பிளேனும் இல்லை. ஹார்லோ பேயிலிருந்து கேப் மெரிடனுக்கு எந்த விமானமும் இல்லை, சாலையும் இல்லை. நடுவில் இருப்பது உறைந்த கடல். உங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் ஒரு சின்ன விமானம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு பெரியது என்று தெற்கே நகரத்துக்கு இறங்கி, அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் வேறு வழியில் இரண்டு விமானம் பிடித்து மேலே ஏற வேண்டும். எல்லாம் கூட்டினால் நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று தடவை கூட்டினேன். கடலூரில் இருப்பவர் சிதம்பரத்துக்குப் போக டெல்லிக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி. அதுவும் காற்றும் பனியும் விட்டால். விடாவிட்டால் எந்த ஊரில் இறங்கினோமோ அங்கேயே உட்கார வேண்டியதுதான். இந்தத் தூரத்தில்தான் நீங்கள் நாலு வருடமாக இருக்கிறீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உங்கள் கடிதங்களில் "கொஞ்சம் குளிர் ஜாஸ்தி" என்று மட்டும்தான் எழுதியிருப்பீர்கள்.

அதை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் வைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் நாள் சொல்லலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கே போனேன். அங்கே ஒரு கண்டக்டர், "அண்ணே, தம்பி பிளேன்ல போயி பொண்ணு பாக்குறாராமே" என்று கேட்க, அப்பா பையிலிருந்து அந்த லேமினேட் தாளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு எடுத்துக் குடுத்தது" என்றார். அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படிச் சொல்வேன்? அடுத்த நாள் சாப்பிடும்போது வாயைத் திறந்தேன், அம்மா ரசம் ஊற்றிவிட்டார். மூன்றாவது முறை தொண்டையைச் செருமினேன், சளியா என்று கேட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டேன். நம் ஊர் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே காலை, முதல் பிளேன் அப்போதுதான் இருக்கும் என்று அப்பாவே முடிவு செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பண்ருட்டியில் இருந்தோம். பெரிய கூடம், இரண்டு ஜமக்காளம், அவர்கள் பக்கம் இருபது பேர், நம் பக்கம் சபாபதி மாமாவையும் சேர்த்து ஏழு பேர். நடுவில் டீப்பாய், அதன்மேல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் கொளஞ்சியப்பன் மாமாவின் செல்போன். மணி அடித்தால் கூடத்துக்கே கேட்க வேண்டும் என்று கிண்ணத்தில் வைத்திருந்தார்களாம். உள்ளே கேசரியும் பஜ்ஜியும் தயாராக இருந்தன. மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிட்டார் என்று போன் வந்ததும் பரிமாறுவதாக ஏற்பாடு. சரியாக ஆறு மணிக்கு அப்பா எழுந்து நின்று வாட்ச்சைப் பார்த்தார். "இப்ப ஏறிட்டான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு பத்துக்கு, "மூணுல ஒரு பங்கு தாண்டியாச்சு" என்றார். ஆறு இருபத்தைந்துக்கு, "இப்ப எறக்கத்துல இருக்கும், காது அடைக்கும்" என்றார். விமானம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவ்வளவு தீர்மானமாகச் சொன்னார், எனக்கே கூரைக்கு மேல் சத்தம் கேட்டது. ஆறு இருபத்தெட்டுக்கு, "எறங்கிட்டான்" என்றார். உள்ளேயிருந்து ஒரு அம்மா குலவை போட்டுவிட்டார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை வேர்வையில் அதன் சாயம் விரலில் ஒட்டிவிட்டது.

போன் வரவில்லை. ஏழு மணிக்கு அவர்களே உங்கள் நம்பருக்கு அடித்தார்கள். மணி போகவே இல்லை. மலர்க்கொடி அக்காவுக்கு அடித்தார்கள், யாரும் எடுக்கவில்லை. நாங்கள் வந்தபோது "வாங்க சம்மந்தி" என்று அப்பாவைக் கூப்பிட்ட கொளஞ்சியப்பன் மாமா, ஆறே முக்காலுக்கு "தில்லைநாதன் சார்" என்றார், ஏழேகாலுக்கு "ஏங்க" என்று மட்டும்தான் சொன்னார். அவருடைய மைத்துனர் மணவாளன் என்பவர் சுவரில் சாய்ந்தபடி, "ஏங்க டைம் கீப்பரே, உங்க வண்டி வழியில பஞ்சரா?" என்றார். அவர்கள் பக்கம் சிரித்தார்கள். அப்பா பையிலிருந்து லேமினேட் தாளை எடுத்து, "இருவத்தெட்டு நிமிஷந்தாங்க, இங்க பாருங்க, போட்டிருக்கு" என்றார். "அதாங்க நானும் சொல்றேன். இருவத்தெட்டு நிமிஷம் வர்றதுக்கே உங்க தம்பிக்கு மனசு இல்ல. கட்டிக்கிட்டு எப்டி வச்சிப்பாரு? மாமா, நெய்வேலி எஞ்சினியர் பையன் இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கான். சொல்லு, நாளைக்கே போலாம்" என்றார் மணவாளன். கொளஞ்சியப்பன் மாமா அந்தப் போனைக் கிண்ணத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை. அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஏறிப்போன பிறகு பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி நின்றார்.

நான் எழுந்துவிட்டேன் சித்தப்பா. வைவாவில்கூட எனக்குக் குரல் வராது, எக்ஸ்டர்னலாக வந்த பேராசிரியர் என் வாயருகே குனிந்துதான் கேட்டார். ஆனால் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "தப்பு என்னுதுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், அது அதிகமாகக் கேட்டுவிட்டது. உள்ளேயிருந்து பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து, மூன்று விமானம், ஒரு ராத்திரி, இரண்டு விமானம், நாலாயிரத்து அறுநூறு என்று படித்தேன். மணவாளன், "அப்ப இந்தத் தாள்ல இருக்கிறது?" என்றார். "அது தூரம். இது வழி" என்றேன். புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குப் புரியவைக்கத் தெரியாது, கேள்வி கேட்கத்தான் தெரியும். அதனால் கொளஞ்சியப்பன் மாமாவைப் பார்த்து, "ஐயா, ஆத்துக்கு அந்தக் கரையில உங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்குன்னு சொன்னீங்களே. இங்கேருந்து பாத்தா தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியும். காவக்காரன் பீடி பத்தவச்சா தெரியும்."

"பெண்ணையில வெள்ளம் வந்துட்டா எப்டிப் போவீங்க?"

"தரைப்பாலம் முழுவிடும். சுத்திக்கிட்டுதான் போவணும். அர நாளு ஆவும்."

"அங்கயும் அப்டிதாங்க. நடுவுல கடல் உறைஞ்சு கெடக்கு. எங்க சித்தப்பா சுத்திக்கிட்டுதான் வரணும். ரெண்டு நாளு ஆவும். அவரு வரமாட்டேன்னு சொல்லல. வர முடியுமான்னு நாங்க கேக்கவே இல்ல."

மணவாளன்கூடச் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கொளஞ்சியப்பன் மாமா என் கையிலிருந்த தாளை வாங்கி, கிட்டப் பிடித்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். பிறகு, "போன ஆவணில எம் பொண்ணு வந்துட்டுப் போச்சே. அது எத்தினி பிளேன் ஏறியிருக்கும்?" என்று கேட்டார். சென்னையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். "போறதுக்கு மட்டும் அஞ்சு இருக்குங்க. வர்றதுக்கு அஞ்சு" என்றேன். அவர், "எங்கிட்ட ரெண்டு பஸ்ஸு மாறுற மாதிரிதாம்பான்னு சொல்லிச்சி" என்றார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல மெட்ராஸ் பஸ்ஸு ஏத்திவிட்டுட்டுத் திரும்பிட்டேன். ஜன்னல் சீட்டு கெடைக்கலன்னு கண்டக்டர்கிட்ட சண்ட போட்டேன்" என்றார். அப்பா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு மகள். இருவரும் இத்தனை நாள் நினைத்திருந்த இடத்தைவிட எவ்வளவோ தள்ளி இருக்கிறார்கள் என்பது ஒரே நேரத்தில் தெரிந்தால் எப்படி இருக்கும்? ஆறிப்போன கேசரியை அந்த வீட்டு அம்மாவே எடுத்துவந்து எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அன்றிலிருந்து மலர்க்கொடி அக்காவைப் பற்றித்தான் நினைப்பு. பார்த்ததில்லை, போட்டோகூடக் காட்டவில்லை. முந்திரி உடைத்துக் கை கறுத்த அம்மாவின் மகள், தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசி, சவுதி போய், அங்கிருந்து எட்டு மாதம் பனி பெய்கிற ஊருக்குப் போய், யாருக்கோ பிரசவம் பார்த்துவிட்டு, அப்பாவிடம் இரண்டு பஸ் மாறுகிற மாதிரி என்று சொல்லியிருக்கிறார். நான் பாண்டிச்சேரிக்குத் தனியாகப் போக இரண்டு நாள் யோசிக்கிறவள். உங்களையும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனால் அதற்கு நான் எடுத்துக் கொடுத்த ஒரு கலர் பிரிண்ட்தான் காரணம் என்று ஆகிவிடும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முடிவு இதுதான். கொளஞ்சியப்பன் மாமாவுக்கு உங்கள் மேல் கோபம் போய்விட்டது. ஆனால் மணவாளனும் மற்ற உறவுக்காரர்களும் விடவில்லை. "இன்னிக்கு வர முடியல, சரி. வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லலியே, அதுக்கு எத்தினி பிளேன் வேணும்?" என்று கேட்டார்கள். கடைசியில் பத்து நாள் கெடு. பத்து நாளுக்குள் நீங்கள் கேப் மெரிடனுக்குப் போய் மலர்க்கொடி அக்காவை நேரில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நெய்வேலி வரன். ஆகவே சித்தப்பா, இதைப் படித்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதலில் கிடைக்கிற விமானத்தில் கிளம்புங்கள். எந்த விமானம், எங்கே மாறுவது என்று அட்டவணை போட்டுக் கீழே இணைத்திருக்கிறேன். இந்தத் தடவை விமானம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். தெற்கே இறங்குகிற ஊரில் முடி வெட்டிக்கொள்ளுங்கள். அம்மா சொன்ன இரண்டு ஜோடி தம்பதி வேண்டாம். அக்காவைப் பார்த்ததும் குளிரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் எடுத்துக்கொடுக்க அப்பா இருக்க மாட்டார்.

அப்பா உங்களுக்குத் தன் ஆசியையும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போகும்படி ஒரு கட்டளையையும் அனுப்புகிறார். அம்மா அன்பை அனுப்புகிறார். லேமினேட் தாளை அப்பா இன்னும் தூக்கிப் போடவில்லை. போட மனசு வரவில்லையாம். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டி, உங்கள் காலைத் தொட்டு வணங்கும்,

அண்ணன் மகள்,
அனுப்பிரியா.

பின்குறிப்பு: சித்தப்பா, மேலே எழுதியது எதையும் செய்யாதீர்கள்! தயவுசெய்து எந்த விமானத்திலும் ஏறிவிடாதீர்கள். அனுப்பு பொத்தானை அழுத்தப் போகும்போது என் செல்லுக்கு ஒரு போன் வந்தது. நம்பரே விநோதமாக இருந்தது. "அனுப்பிரியாவா? நான் மலர்க்கொடி பேசறேன். ஹார்லோ பேயிலேருந்து" என்றார்கள். புதன்கிழமையே கிளம்பிவிட்டார்களாம். "அவரு வந்து பாப்பாருன்னு ஒக்காந்திருந்தா அதுக்குள்ள பனி உருகிடும். எனக்கு லீவு இருந்திச்சி, அப்பாட்ட சொன்னா விடமாட்டாரு, சொல்லாமயே நானே மாப்ள பாக்கக் கெளம்பிட்டேன்" என்றார்கள். வியாழக்கிழமை ராத்திரி அவர்கள் இறங்கிய கையோடு புயல் பிடித்து, உங்கள் ஊர் டிஷ் ஆண்டெனா திரும்பி, நேற்றுவரை யாருக்கும் போன் இல்லையாம். நாங்கள் பண்ருட்டியில் உட்கார்ந்து நீங்கள் மனசில்லாத ஆள் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் இருவரும் ஒரே ஊரில் இருந்திருக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் மூன்று மணி நேரம் டைப் அடித்த பிறகு தெரிகிறது. அழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். கூடத்தில் நான் எழுந்து பேசியதைக் கொளஞ்சியப்பன் மாமா சொல்லித்தான் என் நம்பரை வாங்கினார்களாம். பிறகு, "ஒண்ணு கேக்கணும். ஒளிக்காம சொல்லு. உங்க சித்தப்பா நாலு நாளா தெனம் நான் தங்கியிருக்கிற இந்த நர்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வர்றாரு. ஹீட்டர் சரியா ஓடுதான்னு பாக்குறாரு, போயிடறாரு. அது நல்லாத்தான் ஓடுது. நெசமாவே ஹீட்டரப் பாக்கத்தான் வர்றாரா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று என்னைக் கேட்டு எழுதாதீர்கள். அவர்களையே போய்க் கேளுங்கள். நடந்து போகிற தூரம்தானே.